நாபோத் காணியை விற்றுவிட்டால்?

எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் வேதபாடத்தில் இந்த முறை 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம். நாபோத்தின் திராட்சத்தோட்டம் சிறு வயதிலிருந்து ஞாயிறு பாடசாலையில் கேட்ட கதைதான். ஆகாப் விலை பேசுகிறான், நாபோத் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மறுக்கிறான், யேசபேல் முத்திரை போட்ட கடிதம் அனுப்புகிறாள். பாடம் முடியும் நேரத்தில் ஒரு தம்பி கேட்டான்: "நாபோத் நல்ல விலைக்கு விற்றிருந்தால் அப்ப பிரச்சினையே இல்லையோ?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது லிஃப்ற்றிலும் அதே பேச்சு. எங்கள் லிஃப்ற் வர எடுக்கும் நேரத்தில் ஒரு அதிகாரம் முழுவதையும் வாசித்து முடிக்கலாம்.

அந்தக் கேள்விக்கு அருகிலேயே ஒரு காணிக் கதை இருக்கிறது. சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம்கூட ஓடத் தேவையில்லை. ரூஜ் பூங்காவைத் தாண்டி பிக்கரிங் எல்லைக்குள் நுழைந்தால் டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலம் வரும். கனடாவின் முதல்தர மண்ணில் பாதிக்கு மேல் ஒன்ராறியோவில்தான் உள்ளது. அந்த வகை மண்தான் இதுவும்.

1970களில் புதிய நகரம் கட்டவென்று மாகாண அரசு இங்கே பண்ணைகளைச் சுவீகரித்தது. அதே காலத்தில், 1972இல், பக்கத்தில் 18,600 ஏக்கரை மத்திய அரசு விமான நிலையத்துக்கென்று எடுத்தது. தலைமுறையாக உழுதவர்கள் தங்கள் நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். அந்த விமான நிலையம் கட்டப்படவேயில்லை. கட்டப்போவதில்லை என்று 2025 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஐம்பத்திரண்டு வருடம் காத்திருந்து அந்தச் செய்தியைக் கேட்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

மாகாணம் எடுத்த நிலத்தின் ஒரு பகுதி பிறகு திரும்ப விற்கப்பட்டது. விற்கும்போது, இது என்றைக்கும் விவசாயத்துக்கே என்ற நிபந்தனையோடு விற்றார்கள். காணி உறுதியில் ஒரு வரி எவ்வளவு பெறும் என்பது எங்கள் அப்பம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். வீடு கட்ட முடியாத நிலம் என்பதால் அதன் விலை தாழ்ந்தே இருந்தது. 2005இல் அதைக் காக்கத் தனிச் சட்டமும் வந்தது. அதே வருடம் ரொறன்ரோவைச் சுற்றிக் கிட்டத்தட்ட 20 லட்சம் ஏக்கரைக் காக்கும் கிரீன்பெல்ட் சட்டமும் வந்தது.

இங்கேதான் தம்பியின் கேள்வி வருகிறது. இந்தக் காப்பு நிலத்தில் பெரும்பகுதியை வீடு கட்டும் நிறுவனங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தன. யாரும் கள்ளச்சாட்சி சொல்லவில்லை, யாரையும் கல்லெறியவில்லை. நாபோத் விற்றுவிட்டான், அவ்வளவுதான். வாங்கியவர் சட்டம் மாறும்வரை காத்திருந்தார்.

2022 கடைசியில் சட்டம் மாறியது. 50,000 வீடுகள் கட்டவென்று சொல்லி, 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை முதல்வர் டக் ஃபோர்டின் அரசு கிரீன்பெல்ட்டிலிருந்து எடுத்தது. அதில் பாதிக்கு மேல் டஃபின்ஸ் ரூஜ் நிலம். அந்த ஒரு மாற்றத்தால் நிலச் சொந்தக்காரருக்கு 8.3 பில்லியன் டொலர்வரை பெறுமதி கூடலாம் என்று கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் 2023 ஓகஸ்ட் அறிக்கையில் எழுதினார். தெரிவு செய்த விதத்தில் சில நிறுவனங்களுக்குச் சலுகை கிடைத்தது என்றும் எழுதினார். செப்டம்பரில் வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் விலகினார். அதே மாதம் 21ஆம் திகதி முதல்வர் மன்னிப்புக் கேட்டு நிலத்தைத் திருப்பி வைப்பதாகச் சொன்னார். டிசம்பரில் அது சட்டமானது.

ஆகாப்புக்கு ஒன்று சொல்லவேண்டும். அவன் தோட்டத்தைக் கேட்டது கீரைக்கொல்லை போடத்தான். அங்கே ஏதாவது முளைத்திருக்கும்.

ஆனால் 'வீடு வேண்டும்' என்ற வாதத்தை எங்களால் இலேசாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் சபையில் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற குடும்பங்கள் உண்டு. கலியாணம் பேசியும் வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அதே நேரம், வீட்டு விலை பற்றி ஆராய மாகாணமே நியமித்த குழு, பிரச்சினைக்குக் காரணம் நிலத் தட்டுப்பாடு அல்ல என்று 2022 பெப்ரவரியிலேயே சொல்லியிருந்தது. நகரத்துக்குள்ளும், கிரீன்பெல்ட்டுக்கு வெளியேயும் நிலம் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. எங்கள் கட்டடங்களும் 1960களில் பழைய வீடுகளை இடித்த இடத்தில்தான் எழுந்தன. சில வீதிகளுக்கு நடுவே பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறோம். கரப்பான் பூச்சியும் பழுதான லிஃப்ற்றும் இல்லாமல் பராமரித்தால், இப்படி வாழ்வதில் குறைவு ஒன்றும் இல்லை என்பது எங்களில் சிலரின் எண்ணம். மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது கறிவேப்பிலைச் சட்டியை வெளியே வைக்க ஒரு பின்வளவு.

அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. எங்கள் பெற்றோர் பலர் இங்கே வீட்டுக்கு முற்பணம் கட்டியது உடுவிலிலும் மானிப்பாயிலும் இருந்த காணியை விற்றுத்தான். விற்கும்போது அழுதார்கள், விற்றார்கள். அந்தத் தோட்டச் செம்மண்ணில் இப்போது என்ன நிற்கிறது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. ஒரு அக்கா சொன்னார்: "நாங்கள் நாபோத்தின்ர பிள்ளைகள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம். அவன் விக்கேல்ல. நாங்கள் வித்தனாங்கள்."

அந்த அக்காவின் புது வீடு சீற்றனில். 1970களில் மாகாணம் புதிய நகரத்துக்கென்று எடுத்த அதே நிலத்தில், விவசாயத்துக்கென்று ஒதுக்காத பக்கம். ஓகஸ்டில் வீட்டு ஜெபத்துக்குப் போனோம். வழி நெடுக ஒரு பக்கம் புதுக் கூரைகள், மறுபக்கம் ஆளுயரச் சோளம். ஒரு பண்ணையின் வாசலில் மேசை போட்டு விற்றார்கள். வானை நிறுத்தி இரண்டு டசின் வாங்கிக்கொண்டு போனோம். ஜெபம் முடிந்ததும் அக்கா அவித்துத் தந்தார்.