ஆங்கிலக் கூட்டுவினையும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும்

1990ஆம் ஆண்டை அடுத்த காலம். மட்றிட் நகரிலே ஸ்பானிய மொழி பயின்றுகொண்டிருந்தேன். நான் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டிலே ஒரு மூதாட்டியார் தனித்து வாழ்ந்தார். அவருடைய ஒரே மகன் இலண்டனில் உணவுச்சாலை ஒன்றிலே வேலை பார்த்தான். ஒருநாள் மாலை, மகனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த வீட்டுக்காரி ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டி, "படித்துச் சொல், மகனே" என்றார்.

முதல் வரியே என்னைத் திகைக்க வைத்தது. செவ்வாய்க்கிழமை வேலைத்தலத்திலே அவர் மகனுக்கு நேர்ந்ததை 'பாஸ் அவுட்' என்ற வினையாற் குறித்திருந்தாள் வீட்டுக்காரி. நம் நாட்டில் ஆசிரிய கலாசாலையிலிருந்து பயிற்சி முடித்து வெளியேறுவதையே நாம் அவ்வாறு கூறுவோம். உணவுச்சாலையின் சமையலறையில் ஒருவன் பயிற்சி முடித்து வெளியேறுவது எங்ஙனம்? 'பாஸ் அவே' என்றால் இறத்தல் என்பதை அறிவேன். 'அவே' அப்பாற் போதல். 'அவுட்' அதனினும் புறத்தே போதல் என்று என் மனம் கணக்கிட்டது. நான் வாய் திறக்கவில்லை. ஆயினும் என் முகத்தைக் கண்டே அம்மூதாட்டியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வரியைப் படித்த பின்னரே எனக்கு உயிர் வந்தது. சில நிமிடங்களில் அவன் 'கேம் ரவுண்ட்' என்றும், இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான் என்றும் அதில் இருந்தது. மயங்கி விழுந்து தெளிந்து எழுந்தவனை ஒரு கணம் நான் கொன்றேவிட்டேன்! தட்டுத் தடுமாறி, "மயங்கினான், பிறகு எழுந்தான்" என்று ஸ்பானிய மொழியிற் சொன்னேன். "வொல்வியோ என் ஸீ" என்று அவர் என்னைத் திருத்தினார். 'தன்னுள்ளே திரும்பினான்' என்பது அதன் சொற்பொருள். 'கேம் ரவுண்ட்' என்பதற்கு அதனினும் பொருத்தமான மொழிபெயர்ப்பை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஆங்கில ஆசிரியர்கள் 'பிரேசல் வேர்ப்' என வழங்கும் இக்கூட்டுவினைகளில், சிறியதொரு வினையும் அதனைத் தொடரும் குறுஞ்சொல்லும் சேர்ந்து, தனித்தனியே தாம் கொள்ளாத புதுப்பொருளைத் தருகின்றன. பொருள் வெளிப்படையாக உள்ள இடத்தும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளன் வாக்கியத்தைத் தலைகீழாக்கியே தீரவேண்டும். இதன் காரணத்தை லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1985இல் விளக்கினார். சிறுவன் வீட்டிலிருந்து 'ரான் அவுட்' என்னும்போது, 'ரான்' செல்லும் விதத்தையும் 'அவுட்' செல்லும் திசையையும் காட்டுகின்றன. ஸ்பானிய மொழியிலோ திசை வினையினுள்ளேயே அடங்கிவிடும். 'ஸலியோ' என்றாலே வெளியேறினான் என்பது பொருள். ஓடியதைக் கூற விரும்பினால் 'கொர்ரியெந்தோ' என்று பின்னாற் சேர்ப்பர்.

தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. 'ஓடி வெளியேறினான்', 'நீந்திக் கடந்தான்' என்று நாமும் விதத்தை வினையெச்சத்திலும் திசையை முற்றுவினையிலும் வைக்கிறோம். இவ்வகையில் ஸ்பானிய மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே அணுக்கமாக நிற்கிறது. நம் மாணவர் அதனை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கும்போது இவ்வுறவை மறந்துவிடுகின்றனர், நானும் மறந்திருந்தேன்.

இன்னொரு சான்று. ஆங்கிலத்தின் 'ஈற் அப்' என்பதில் வரும் 'அப்' மேனோக்கிய திசையைக் குறிப்பதன்று. செயல் முற்றுப்பெற்றதைக் குறிப்பது. ஸ்பானிய மொழியில் 'கொமேர்' உண்ணுதல்; 'ஸே' சேர்ந்து 'கொமேர்ஸே' என்றானால் மிச்சமின்றி உண்ணுதல். 'தொர்மீர்' உறங்குதல், 'தொர்மீர்ஸே' உறங்கிப்போதல். நாம் 'தின்றுவிட்டான்', 'உறங்கிவிட்டான்' என்று துணைவினையாற் சாதிப்பதை அவர்கள் 'ஸே' என்ற ஓரசையாற் சாதிக்கின்றனர்.

ஆனால் இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவன் தள்ளாடி உள்ளே வரலாம், பதுங்கி வெளியே போகலாம். வினையை மாற்றினாற் போதும், வாக்கியம் நீளாது. ஸ்பானிய மொழியிலோ ஒவ்வொரு தள்ளாட்டத்துக்கும் தனிச்சொல் சேர்த்தால் வாக்கியம் பாரமாகிவிடும். ஆதலால் மொழிபெயர்ப்பாளர் பலர் 'வந்தான்', 'போனான்' என்றே விட்டுவிடுகின்றனர். நாவல்களை ஒப்பிட்டு ஆராய்ந்த டான் ஸ்லோபின், ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு வந்தவற்றிற் செல்லும் விதம் ஏறத்தாழப் பாதி இடங்களில் விடுபட்டிருப்பதை 1996இற் காட்டினார். தள்ளாடியவன் குடிகாரனாயின், அத்தள்ளாட்டம் கதைக்கு உயிர். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை அகராதி சொல்லித்தராது.

சொல்லின் தரமும் கவனிக்கத்தக்கது. கணவனின் குறட்டையை 'புட் அப் வித்' என்று ஆங்கில மனைவி கூறுவது வீட்டுப் பேச்சு. அதனை 'தொலெரார்' என்று பெயர்த்தாற் பொருள் பிழையாகாது. ஆயினும் அவள் ஏதோ கூட்டத்திலே தீர்மானம் நிறைவேற்றுவது போலிருக்கும். 'அகுவந்தார்' என்றாலே மனைவியின் பெருமூச்சுக் கேட்கும்.

அன்று முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளேன். கூட்டுவினை எதிர்ப்பட்டால், அதன் இரு சொற்களையும் பிரித்துப் பொருள் கூட்டுவதில்லை. அங்கே யாருக்கு என்ன நேர்ந்தது, எப்படி முடிந்தது என்று அடுத்த வரியையும் படித்தறிந்த பின்னரே பேனாவை எடுப்பேன்.

அம்மூதாட்டியார் கடிதத்தின் இரண்டாம் வரியை மும்முறை படிக்கச் சொன்னார். முதல் வரியை அவர் மறுபடியும் கேட்கவேயில்லை.