பாக்கெட்டை அனுப்பிய நிரல் எது?

கணினியிலிருந்து புறப்படும் டிசிபி, யூடிபி பாக்கெட்டுகளின் தலைப்பகுதியில் இரு முனைகளின் ஐபி முகவரிகளும் போர்ட் எண்களும் இருக்கும். அனுப்பிய நிரலின் பெயரோ அதன் செயல்முறை எண்ணோ எங்கும் இராது. 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான டிசிபிடம்ப் என்னும் கருவி ஒரு பாக்கெட்டை பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டும். ஆனால் லினக்ஸ் கணினியில் அதை அனுப்பியது பிரௌசரா, ஒளிந்திருக்கும் வேவு நிரலா என்பதைப் பாக்கெட்டைப் பார்த்து மட்டும் அதனால் சொல்ல முடியாது. தரவு திருட்டுத்தனமாக வெளியேறுகிறது என்ற சந்தேகம் எழும்போது முதலில் தெரியவேண்டியதே இதுதான்.

விடை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் இருக்கிறது. நிரல்கள் பொதுவாக வலையமைப்பை நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் சாக்கெட் ஒன்றைக் கேட்டுப் பெற்று அதன் வழியாகவே அனுப்புகின்றன. லினக்ஸில் டிசிபி சாக்கெட்டுகளின் பட்டியலை 'ப்ராக்' என்னும் மெய்நிகர்க் கோப்பகத்தில் காணலாம். ஒவ்வொரு வரியிலும் இரு முனைகளின் முகவரிகள், போர்ட்டுகள், பயனர் எண், அந்தச் சாக்கெட்டை அடையாளம் காட்டும் ஐனோடு எண் ஆகியவை இருக்கும். செயல்முறை எண் இங்கும் இல்லை. ஆகவே, இயங்கும் ஒவ்வொரு செயல்முறையும் திறந்து வைத்திருக்கும் கோப்புகளை வரிசையாகப் புரட்டி, அதே ஐனோடு எண் யாரிடம் இருக்கிறது என்று தேடவேண்டும். எல்சாஃப், நெட்ஸ்டாட், எஸ்எஸ் ஆகிய கருவிகள் செய்வது இந்தத் தேடலைத்தான். பிற பயனர்களின் செயல்முறைகளையும் பார்க்க ரூட் உரிமை தேவை. விண்டோஸில் வேலை எளிது: இணைப்புப் பட்டியலே செயல்முறை எண்ணையும் தந்துவிடும்.

பட்டியலைப் பார்த்துத் தேடும் இந்த முறையின் பெரிய பலவீனம் நேரம். ஒரு டிஎன்எஸ் கேள்வி சில மில்லிவினாடிகளில் போய்த் திரும்பிவிடும். கருவி தேடி முடிப்பதற்குள் சாக்கெட் மூடப்பட்டிருக்கும். செயல்முறையே முடிந்திருக்கவும் கூடும். யூடிபியில் பல சாக்கெட்டுகள் குறிப்பிட்ட எந்த முகவரியோடும் இணைக்கப்படாமலே இயங்குவதால், உள்ளூர்ப் போர்ட் எண்ணை மட்டும் வைத்தே பொருத்திப் பார்க்கவேண்டும். ஒரு செயல்முறை கிளைத்தால் ஒரே சாக்கெட் தாயிடமும் சேயிடமும் இருக்கும். அப்போது அனுப்பியது யார் என்பதைப் பட்டியல் சொல்லாது.

ஆகவே பிறகு தேடுவதைவிட நிகழும்போதே பதிவது நம்பகமானது. கெர்னலுக்குள் சிறு நிரல்களை இயக்க உதவும், 2014 முதல் லினக்ஸில் வளர்ந்துவரும் இபிபிஎஃப் என்னும் வசதி இதற்கு வழி செய்தது. இணைப்பைத் தொடங்கும் கெர்னல் செயற்கூறில் சிறு நிரலைப் பொருத்தினால், செயல்முறை எண், கட்டளைப் பெயர், முகவரி, போர்ட் ஆகிய எல்லாம் அந்தக் கணமே பதிவாகும்.

எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம். தொலைந்த டிசிபி பாக்கெட்டை கெர்னல் டைமர் மூலம் மீண்டும் அனுப்பும்போது, சிபியுவில் அந்நேரம் ஓடிக்கொண்டிருப்பது தொடர்பே இல்லாத வேறொரு செயல்முறையாக இருக்கலாம். பாக்கெட் வெளியேறும் இடத்தில் பார்த்து எழுதினால் பழி நிரபராதி மீது விழும். சாக்கெட் உருவானபோது அல்லது இணைப்பு தொடங்கியபோது குறித்த பெயரையே ஆதாரமாகக் கொள்ளவேண்டும்.

சந்தேகம் வந்தபின் இயக்கும் பதிவு, முடிந்துபோன இணைப்புகளைக் காட்டாது. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இத்தகைய பதிவை முன்கூட்டியே இயக்கி வைப்பது அவசியம்.