மாடிக்கு மேல் அறை: தீப்பிடித்தால் வழி எது?

இங்கிலாந்தில் ஒரு மாடி வைத்த பழைய வீடுகள் ஏராளம். கூரைக்கு அடியில் பரண் காலியாகக் கிடக்கும். குடும்பம் பெருகினால் அதைப் படுக்கை அறை ஆக்கிவிடுகிறார்கள்.

அதற்குச் சட்டம் கடுமையானது. ஏன்? மாடியில் இருப்பவர் ஜன்னல் வழியே தப்பலாம். பரணில் இருந்து குதிக்க முடியுமா? படிக்கட்டு ஒன்றே வழி!

ஆகவே, பரண் முதல் தெருவாசல் வரை படிக்கட்டைச் சுற்றிச் சுவர் வேண்டும். அது 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். பழைய மெல்லிய கதவுகளுக்குப் பதில், 20 நிமிடமாவது தீயைத் தடுக்கும் கதவுகள் வேண்டும். தளந்தோறும் புகை மணி வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்!

செலவு அதிகம்தான். ஆனால் நள்ளிரவில் சமையலறை பற்றி எரிந்தால், பரணில் தூங்கும் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர்!