இரைச்சலைப் பிரித்துக் காட்டும் செல்போன்
தேயிலை ஆலைத் தொழிலாளர் காதுக்கு ஓர் எச்சரிக்கை

மூணாறுக்கு அருகில் உள்ள பள்ளிவாசல், கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அமைந்த ஊர். முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கே மின் உற்பத்தி தொடங்கியது. சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்து வருகிறார்கள்.

மின்சாரமும் இயந்திரமும் உள்ள இடத்தில் இரைச்சலும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கும் கருவி இன்று தொழிலாளியின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதுதான் செல்போன்.

எப்படி அளக்கிறது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். இளம் வயதினர் காதுக்குச் சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

செல்போன், மைக்கில் விழும் ஒலியை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்கும். எந்த அதிர்வு எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிட்டுப் படமாக வரையும். ஜெர்மனியின் ஆக்கன் நகரப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட 'பைபாக்ஸ்' என்ற இலவசச் செயலி இதைச் செய்கிறது.

டிரான்ஸ்பார்மர் அருகே பிடித்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு எழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்பு அதற்கு இரு மடங்கு வேகத்தில் அதிர்வதே காரணம். ஆலையில் 6 இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 960 சுற்றுச் சுற்றினால் 96 ஹெர்ட்ஸில் கோடு விழும். முன்பு இல்லாத கோடு புதிதாகத் தோன்றினால், பேரிங் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் போவது எது?

இயந்திரத்தின் தேய்மானம் படத்தில் தெரியும். மனிதனின் தேய்மானம் அவனுக்கே தெரிவதில்லை. நீண்ட நாள் இரைச்சல் காதை முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில். உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் பேச்சு கேட்கும். சொல் மட்டும் பிடிபடாது. 'பட்டு' என்றார்களா, 'கட்டு' என்றார்களா என்று குழப்பம் வரும். உட்காதின் நுண் மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம், 95-இல் 4 மணி நேரம், 100-இல் 2 மணி நேரம் என்று வரம்பு கட்டின. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அச்சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது.

போனை எவ்வளவு நம்பலாம்?

ஹெர்ட்ஸ் கணக்கில் செல்போனை நம்பலாம். டெசிபல் கணக்கில் அப்படியல்ல. மைக் பேச்சுக்காக அமைந்தது, பேரிரைச்சலில் தடுமாறும், போனுக்குப் போன் மாறும். அந்த எண்ணைக் கொண்டு வாதாட முடியாது. முறையான அளவீடு கேட்க அது தூண்டுகோலாகலாம்.

போனே இல்லாதவருக்கும் ஒரு சோதனை உண்டு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் உரக்கக் கத்தினால்தான் கேட்கும் என்றால், அந்த இடம் காதுக்கு ஆகாது. வெறும் பஞ்சு போதிய தடுப்பு அல்ல. அதற்கென்றே செய்த காதடைப்பான் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. நாளை இழப்பீடு கேட்க நேர்ந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான்.