நீரிழிவு உள்ளோரும் கிழங்கு உண்ணலாம்

நீரிழிவு கண்டவர்கள் கிழங்கு வகைகளைத் தொடவே கூடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. எந்தக் கிழங்கை, எவ்வளவு, எதனுடன் உண்கிறோம் என்பதைப் பொறுத்தே இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய தோணிரேவு போன்ற மீனவக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் சர்க்கரை ஏறுவதைத் தணிக்க உதவும் மீன் அங்கே ஏரியிலேயே கிடைக்கிறது.

சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு

100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. அவித்த உருளை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் சுமார் 20 கிராம். மரவள்ளியில் 30 கிராமுக்கும் மேல். ஆகவே கிழங்கைக் காய்கறியாகக் கருதித் தட்டு நிறைந்த சோற்றுடன் சேர்த்து உண்பதே தவறு. கிழங்கு சமைக்கும் நாளில் அதற்கேற்பச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பனங்கிழங்கில் நார்ச்சத்து மிகுதி; எனினும் அதுவும் மாவுப் பொருளே என்பதால் அளவு தேவை.

சமைக்கும் முறை

சர்க்கரைவள்ளியைச் சுடுவதைவிட நீரில் அவிப்பது நல்லது. சுட்ட கிழங்கு சர்க்கரையை விரைவாக ஏற்றும். அவித்து ஆறிய கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் பெறுகிறது. மரவள்ளியைத் தோல் நீக்கி, துண்டுகளாக்கி, திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதிலுள்ள நச்சுப் பொருள் இதனால் பெருமளவு நீங்கும். எண்ணெயில் பொரித்த வறுவலைத் தவிர்க்கலாம்.

முதலில் மீன், பிறகு கிழங்கு

மடவை, இறால், நண்டு ஆகியவற்றின் புரதமும் கீரை, அவரை, கத்தரி போன்றவற்றின் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்கும். நீரிழிவு உள்ள 11 பேரிடம் நடத்தி, அமெரிக்காவில் 2015இல் வெளியான சிறு ஆய்வில், புரதத்தையும் காய்கறியையும் முதலில் உண்டபோது, ஒரு மணி நேரத்துக்குப் பிந்திய சர்க்கரை அளவு சுமார் 37 சதம் குறைந்திருந்தது. மீனைக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்ணலாம். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தோணியில் செல்வோர் கவனிக்க

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றுடன் வலை வீசச் செல்வது ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். நடு ஏரியில் இது உயிருக்கே கேடாகலாம். தோணியில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அறிகுறி தெரிந்தவுடன் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, பின்னர் உணவு உண்ண வேண்டும்.

கிழங்கு உண்ட நாளில், இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பரிசோதித்தால், தமக்கு ஏற்ற அளவு எது என்பது விளங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கிழங்கிலுள்ள பொட்டாசியச் சத்தைக் கருதி, மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். உணவை மாற்றுகிறோம் என்று மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.