பொறுப்புணர்வும் பொய்ச் செய்தியும்

வதந்தியை நம்புவோர் படிப்பறிவில்லாதவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், கணினித் துறையால் பெயர் பெற்ற பெங்களூரின் அண்மை வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2012 ஆகஸ்டில், ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற குறுஞ்செய்தி பரவியதும், மாணவர்கள் முதல் காவலாளிகள் வரை ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் குவாஹாட்டி ரயில்களில் ஏறிச் சென்றனர். 2018 மே மாதம், சாமராஜப்பேட்டையில் ராஜஸ்தான் இளைஞர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் எனக் கருதிய கும்பல் அவரை அடித்தே கொன்றது.

அந்நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளி ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட அப்படத்தின் முடிவில், அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பகுதியை யாரோ வெட்டியிருந்தனர்.

இத்தகைய செய்திகளைப் பகிர்வோரின் மனநிலையை, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த சகுந்தலா பானாஜியும் ராம் பட்டும் பெங்களூரின் மரா அமைப்பினருடன் சேர்ந்து கர்நாடகம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் ஆராய்ந்து, 2019-இல் அறிக்கை வெளியிட்டனர். அறியாமையைவிட, பிற சமூகத்தார் மீதான முன்முடிவும், தம்மவரை எச்சரிப்பது கடமை என்ற உணர்வுமே பகிரத் தூண்டுகின்றன என்பது அதன் சாரம். அறத் தீர்ப்பு, அதாவது ஒரு செயல் சரியா தவறா என்று மனம் எடைபோடும் முறை, இங்கே பொய்க்குத் துணையாகிவிடுகிறது என்பதே மிகவும் கவலைக்குரியது. டேனியல் எஃப்ரான், மேதா ராஜ் ஆகிய உளவியலாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனைகளும் இதையொட்டியவையே: பொய்த் தலைப்பொன்றை முன்பே பார்த்திருந்தவர்கள், அது பொய்யென்று அறிந்த நிலையிலும், அதைப் பகிர்வதை, புதிதாகப் பார்த்த பொய்யைப் பகிர்வதைவிடச் சிறிய தவறாகவே கருதினர். முன்பே கண்ணில் பட்டிருப்பதே தவறென்ற உணர்வை மழுங்கச் செய்கிறது.

ஆகவே, உண்மையைக் கண்டறியும் உத்தியை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை. 2019 மக்களவைத் தேர்தலின்போது ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் பெரியவர்களுக்கு அளித்த சுமார் ஒரு மணிநேரப் பயிற்சி பொதுவாகப் பலன் தரவில்லை. தம் கட்சிக்குச் சாதகமான பொய்யைச் சிலர் இன்னும் இறுகப் பற்றினர். பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடையே ஆய்வு நடத்தி, அவர்களில் ஒரு பகுதியினருக்கு 14 வாரங்களில் நான்கு வகுப்புகள் எடுத்தபோது, மாணவர்களின் பகுத்தறியும் திறன் கூடியதோடு, சில மாதங்கள் கழித்தும் நிலைத்தது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் அதன் தாக்கம் தென்பட்டது.