பழைய ரிவால்வர்களும் அவற்றுக்குரிய தோட்டாக்களும்

ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் சுழலும் உருளையின் அறைகளில் இடப்படுகின்றன. ஓர் அறைக்குள் தோட்டா நுழைகிறது என்பது ஒரு செய்தி. அது வெடிக்கும்போது எழும் அழுத்தத்தை அந்த அறை தாங்கும் என்பது வேறொரு செய்தி. புதிய ரிவால்வர்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பழையவற்றில் அப்படி நம்பிவிட முடியாது. கருமருந்துக் காலத்தில் வடிவமைக்கப்பட்டவை, பின்னாளில் கடைசல் இயந்திரத்தில் மாற்றப்பட்டவை எனப் பல இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. குழலில் பொறித்த பெயரோ பழையபடியே இருக்கும்.

ஒரே எண், வேறு தோட்டா

".38" என்பது ஒரு தோட்டாவின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1877ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குட்டையானது, சற்றே பருத்தது, அதன் குண்டின் விட்டம் சுமார் 0.361 அங்குலம். அதன்பின் வந்த .38 ஸ்பெஷல் நீளமானது, ஆனால் மெலிந்தது. குண்டு சுமார் 0.358 அங்குலம். 1930களில் வந்த .357 மேக்னத்தின் கூடு, ஸ்பெஷலின் கூட்டைவிட 0.135 அங்குலம் நீளம். இந்தக் கூடுதல் நீளம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஸ்பெஷல் அறையின் முன்பகுதியில் உள்ள படியில் மேக்னம் தடுபட்டு, முழுவதும் உள்ளே போகாமல் நின்றுவிடும்.

அந்தப் படியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கப் படைக்காக 1892இல் ஏற்கப்பட்ட, .38 லாங் கோல்ட் தோட்டாவுக்கான கோல்ட் ரிவால்வர்களில் தொடக்ககால அறைகள் முன்னும் பின்னும் ஒரே விட்டத்தில் துளைக்கப்பட்டவை. அவற்றில் .357 மேக்னம் தடையின்றி இறங்கிவிடும். மேக்னத்தின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கருமருந்துத் தோட்டாவை மனத்தில் வைத்துச் செய்த உருளை அதில் பாதியைக்கூட எதிர்பார்த்ததில்லை.

சீவப்பட்ட வெப்ளி

இன்று அதிகம் தடுமாற வைப்பது பிரித்தானிய வெப்ளி ரிவால்வர்தான். முதல் உலகப் போரின்போது 1915இல் ஏற்கப்பட்ட மார்க் 6 வகை, .455 தோட்டாவுக்கானது. அத்தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 பவுண்டு மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியான வெப்ளிகள் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. அங்கே .455 கிடைப்பது அரிது, .45 ஏசிபி எங்கும் கிடைத்தது. எனவே விற்பனையாளர்கள் உருளையின் பின்முகத்தைச் சீவி, பிறைவடிவக் கிளிப்பில் கோத்த .45 ஏசிபி பொருந்துமாறு செய்தனர்.

சீவியதால் இடம் கிடைத்தது, வலிமை கூடவில்லை. .45 ஏசிபியின் உச்ச வரம்பு 21,000 பவுண்டு. அதாவது ஒவ்வொரு முறையும் உருளை, தனக்குரிய அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்கிறது. "நூறு தடவை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வோர் உண்டு. உலோகச் சோர்வு அப்படித்தான் வேலை செய்யும்: நூறு தடவையும் ஒன்றும் தெரியாது. உருளையைப் பூட்டி நிறுத்தும் பள்ளத்தருகே அறைச்சுவர் மிக மெல்லியது. விரிசல் அங்கே தொடங்கக்கூடும். கருமருந்துக் காலத்து மார்க் 1 முதலிய முந்தைய வகைகளுக்கு இது இன்னும் ஆபத்தானது. கார்டைட் போன்ற புகையில்லா மருந்துக்காக உருளை பெரிதாக்கப்பட்டதே 1913இன் மார்க் 5 வகையில்தான்.

விக்டரி மாடல்

போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பிரித்தானியாவுக்கு அனுப்பிய விக்டரி ரிவால்வர்கள் .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அளவிலானவை. பின்னர் பலவற்றின் அறைகளை நீளவாக்கில் துளைத்து .38 ஸ்பெஷலுக்கு மாற்றினர். இங்கே உருளை வெடிக்கும் அச்சம் குறைவு. ஆனால் அறையின் பின்பகுதி பழைய பருத்த கூட்டுக்கானது. மெலிந்த கூடு அங்கே புடைத்து, சிலவேளை நீளமாகப் பிளக்கிறது. பிளந்தால் சூடான வாயு சுடுபவரை நோக்கிப் பின்னால் வரும்.

எப்படி அறிவது?

பொறிப்பு தொடக்கம் மட்டுமே. பிரித்தானியாவில் விற்பனைக்கு விடப்பட்டவற்றில் சோதனை முத்திரையோடு கூட்டின் நீளமும் அழுத்தமும் இருக்கும்; .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு .767 அங்குலம், 3½ டன் என்பது வழக்கமான பொறிப்பு. அந்த டன் கணக்கு வேறு அளவீட்டு முறையைச் சேர்ந்தது என்பதால் மேலே சொன்ன பவுண்டு எண்களோடு நேராக ஒப்பிடலாகாது. முத்திரைக்குப் பிறகு துளைத்திருந்தால் அந்த நீளமும் உண்மையாக இராது.

வெப்ளியில் உருளைக்கும் பின்சட்டத்துக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான இடைவெளி தெரிந்தால் சீவப்பட்டது என ஐயுறலாம். உறுதியான வழி, எளிதில் உருகும் உலோகக் கலவையை அறையில் ஊற்றி வார்ப்பெடுத்து, அதன் விட்டத்தையும் நீளத்தையும் நுண்ணளவியால் அளப்பது. இதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்தவரிடம் விடுவதே முறை. சீவப்பட்ட வெப்ளியைச் சுட விரும்பும் சேகரிப்பாளர்கள், விளிம்புள்ள .45 ஆட்டோ ரிம் கூட்டில் ஈயக்குண்டிட்டு, .455இன் அழுத்தத்தைத் தாண்டாத தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துகின்றனர், கடையில் வாங்கும்.45 ஏசிபியை அதன் அருகில்கூட வைப்பதில்லை.